சர்வருக்குள் ஒரு விசில்

அதிகாரி தரையில் மண்டிபோட்டு, மியூசிக் சர்வரின் தலைமேல் காதை வைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் இப்படி மண்டிபோட்டதில்லை என்பது வாசலில் நின்ற மனைவிக்கு ஞாபகம் வந்தது.

"என்னங்க சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை. அதான் பிரச்சினை."

மியூசிக் சர்வர் என்பது பாட்டுகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, கேட்டபோது ஸ்பீக்கருக்கு எடுத்துக்கொடுக்கும் பெட்டி. சுருக்கமாகச் சொன்னால் கம்ப்யூட்டர். அப்படிச் சுருக்கமாகச் சொல்கிறவர்களை அதிகாரி இரண்டாம் முறை வீட்டுக்கு அழைப்பதில்லை.

பிரச்சினை போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் வந்தது. தோள்வரை வழிந்து காதை முழுவதும் மூடிய வெள்ளை முடியும், பாதி மூடிய கண்களும், அச்சடித்த புத்தகம் மாதிரிப் பேச்சுமாக வந்தது. இசை ரசிகர் வட்டத்தின் தலைவர். வட்டத்தில் எல்லோரும் அவரைத் 'தங்கச்செவி' என்றுதான் சொல்வார்கள். அவர் காதுக்குத் தப்பிய குறை கிடையாது. பல் டாக்டர் வீட்டுக்குப் போய் ஆம்ப்ளிஃபையரில் குறை கண்டுபிடித்தார். பல் டாக்டர் அதை விற்றுவிட்டார். வக்கீல் வீட்டில் ஸ்பீக்கர் ஒயரில் குறை கண்டுபிடித்தார். வக்கீல் ஒரு வாரம் கோர்ட்டுக்கே போகவில்லை.

அதிகாரியின் சர்வரைக் கேட்க வந்தவர், சோபாவின் நுனியில் உட்கார்ந்து ஒரு வயலினைக் கேட்டார். தலையாட்டினார். பிறகு சோபாவின் உயரமான முதுகில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார். உடனே அவர் நெற்றி சுருங்கியது.

"நண்பரே, உச்சியில் ஓர் ஊசி இருக்கிறது."

அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இருந்தது. மெல்லிசாக, 'உய்ய்ய்' என்று ஒரு விசில். மகளும் ஆமாம் என்றாள். சமையலறையில் இருந்த மனைவி, கேத்தில் கொதித்துவிட்டதென்று அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தங்கச்செவி டீ குடிக்க நிமிர்ந்து உட்கார்ந்ததும் விசில் நின்றுபோனது.

"விட்டு விட்டு வருகிறது. இருப்பதிலேயே மோசமான ரகம் இதுதான்" என்றார் அவர், பிஸ்கட்டை நனைத்தபடி. அடுத்த மாதம் வந்து மறுபடி கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதிலிருந்து விசில் வரவேயில்லை. வந்தால் பிடித்துவிடலாம். வராத விசிலை எப்படிப் பிடிப்பது என்றுதான் அதிகாரி மண்டிபோட்டிருந்தார்.

இத்தனைக்கும் அவர் ஏமாளி இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவதுதான் அவர் உத்தியோகம். வெள்ளத்தில் கார் முழுகிப்போனது என்று அழுதுகொண்டு வந்தவரிடம், அது மழைத் தண்ணீர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டவர். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது, அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துக் கழற்றி வாசலிலேயே வைத்துவிடுவார்.

மனைவி வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறாள். வீட்டில் வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரே பெரிய அறையைச் சர்வர் பிடித்துக்கொண்டதால், அவள் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடைவழியில், ஜியோமெட்ரி படுக்கையறைக் கட்டிலில். தலையணைக்கடியில் காம்பஸ் குத்தி அதிகாரி இருமுறை எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு முடிவுக்கு வருவோம்" என்றாள் அவள். "அடுத்த தடவை அவர் வந்து விசில் போச்சுன்னு சொல்லட்டும். ரூம் உங்களுது. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலை. இன்னும் இருக்குன்னு சொன்னார்னா, இதெல்லாம் வெளிய, என் பெஞ்சு உள்ள."

"சரி."

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"தங்கச்செவி என்ன சொல்றாரோ அதான்."

மனைவி கையை நீட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் கை குலுக்கிக்கொண்டது அன்றுதான்.

சர்வரை விற்ற டீலருக்குப் போன் போனது. டீலர், கெட்ட செய்தி சொல்லும் பெரிய டாக்டர் மாதிரி மெதுவாகப் பேசுகிறவர். சர்வர் நல்ல சர்வர்தானாம். அது குடிக்கிற கரன்ட்தான் அழுக்காம். கூடவே வந்த அந்தச் சின்ன அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனி பவர் சப்ளை வைக்கவேண்டுமாம்.

பவர் சப்ளை மரப்பெட்டியில் வந்தது. இரண்டு ஆள் தூக்கி வந்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதிகாரி பழைய அடாப்டரைக் குப்பைக்கூடையில் போட்டார். மனைவி அதை எடுத்துச் சமையலறை இழுப்பறையில் போட்டாள். வேலை செய்கிற எதையும் தூக்கி எறிகிற பழக்கம் அவளுக்கு இல்லை, கணவர் உட்பட.

சுவிட்சைப் போட்டதும், இதுவரை இல்லாத ஒன்று வந்தது. அடிவயிற்றிலிருந்து, 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

டீலர் கேட்டுவிட்டு, வாழ்த்துச் சொன்னார்.

"இவ்வளவு நாளா அழுக்கு அதை மறைச்சுட்டு இருந்தது சார். இப்பத்தான் உங்க சிஸ்டம் மனசுவிட்டுப் பேச ஆரம்பிச்சிருக்கு."

மனசுவிட்டுப் பேசுவதை நிறுத்த, மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்கவேண்டும் என்றார். எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை உடைத்தார். சர்வருக்குத் தனியாக ஒரு லைன் கொடுப்பதற்காக, அந்த இடத்திலிருந்த ஃபிரிட்ஜைத் தூக்கி, குளியலறை ஹீட்டரின் லைனில் சேர்த்துவிட்டார். எல்லாம் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். தாங்கியது. யாராவது வெந்நீர் போடும் வரை தாங்கியது.

அதற்குப் பிறகு யார் ஹீட்டரைப் போட்டாலும் வீடு மொத்தமும் இருண்டது. சர்வரின் அறை மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. பால் திரிந்தது. நடைவழியில் அல்ஜீப்ரா படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் முன் செருப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல ஒருத்தர் வந்து, என் வீட்ல விசில் கேட்டுச்சு, இப்ப கேக்கலை, அதனால சுவரை உடைச்சேன், நஷ்டஈடு குடுங்கன்னு கேட்டா குடுப்பீங்களா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"அவனுக்குக் காது இருக்குன்னு என்ன ஆதாரம்?"

முனகல் நின்றுவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும். அதன் இடத்தில் அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. டீலர் இதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். குற்றவாளி வைஃபை ரவுட்டர். காற்றில் அலை அலையாக அழுக்கைக் கிளப்புகிற சாமான். அதை எவ்வளவு தூரம் தள்ளமுடியுமோ அவ்வளவு தூரம் தள்ளவேண்டும். அதற்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைக்கவேண்டும். பெட்டி தயாராக இருந்தது.

ரவுட்டர் குளியலறைக்கு மேலே பரணில் ஏற்றப்பட்டது. இதில் அடிபட்டவள் மகள். அவள் முதல் வேலையில் சேர்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இப்போது சிக்னல் கிடைத்த ஒரே இடம் குளியலறை.

"அப்பா, இன்னிக்கு மீட்டிங்ல மேனேஜர், 'உனக்குப் பின்னாடி தெரியறது ஷவரா?'ன்னு கேட்டார்பா."

"நீ என்ன சொன்ன?"

"மாடர்ன் ஆர்ட்டுன்னு சொன்னேன்."

ஒரே ஆறுதல், மகள் குளியலறையில் ஆபீஸ் நடத்தியவரை யாரும் வெந்நீர் போட முடியவில்லை. அதனால் விளக்கு அணையவில்லை. குடும்பம் குளிக்காமல் வெளிச்சமாக இருந்தது.

'டக்' போகவில்லை. டீலர் கடைசி சிகிச்சையைச் சொன்னார். சர்வருக்குள் இருக்கிற டிஸ்கையே மாற்றி, புது சாஃப்ட்வேர் ஏற்றவேண்டும். ஏற்றியதில் பாட்டெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது, பெயர்களைத் தவிர. வாழ்நாள் முழுக்க அதிகாரி சேர்த்த அத்தனை பாட்டுக்கும் 'கலைஞர்: தெரியவில்லை' என்று வந்து நின்றது. வயலினைத் தொட்டால் மிருதங்கம் அடித்தது. மிருதங்கத்தைத் தொட்டால் யாரோ ஒருவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அதிகாரி தினமும் ஆபீஸ் விட்டு வந்து, ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு, திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளுக்குப் பெயர் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பாட்டை ரசிக்க மட்டும் நேரம் இல்லை.

தங்கச்செவி வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அன்று காலை, அதிர்வைத் தடுப்பதற்கென்று டீலர் அனுப்பிய கூர்மையான நாலு இரும்புக் கால்களை அதிகாரி பவர் சப்ளைக்கு அடியில் வைத்தார். மூன்று கால் தரையில் நின்றது. நாலாவது கால் ஒயரின்மேல் நின்றது. பிறகு ஒயருக்குள் நின்றது.

'பட்' என்றது. ஒரு புகை எழுந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகப் போனது. தனி லைன் செத்துப்போனது. பவர் சப்ளையும் அதோடு போனது.

அதிகாரி சோபாவில் உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டார். மனைவி ஜன்னலின் அகலத்தைக் கண்ணால் அளந்து, பெஞ்சு எந்தப் பக்கம் போடலாம் என்று பார்த்தாள்.

மகளுக்குத்தான் பாவமாக இருந்தது. சமையலறை இழுப்பறையிலிருந்து பழைய அடாப்டரைக் கொண்டுவந்தாள். பழைய டிஸ்கைத் தேடிப் பிடித்து உள்ளே பொருத்தினாள். பரணிலிருந்து ரவுட்டரை இறக்கி, பழைய ஆணியிலேயே மாட்டினாள். ஒயரைப் பழைய பிளக்கில் செருகினாள். பாட்டுகள் தங்கள் தங்கள் பெயரோடு திரும்பி வந்து நின்றன. முனகல் இல்லை, 'டக்' இல்லை. ஒரு மாதம் பட்ட பாடு அத்தனையும் கழிந்து, வீடு போன மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது.

"அப்ப விசிலும் இருக்கும்" என்றார் அதிகாரி, முகத்திலிருந்து கையை எடுக்காமல்.

தங்கச்செவி இந்த முறை மனைவியோடு வந்தார். அந்த அம்மா வாசலில் நின்று, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டதற்கு, எதிர்வீட்டு ஜன்னல் திறந்து சௌக்கியம் என்றது. எப்போதும் தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். இப்படிப்பட்ட காதுக்கு இப்படிப்பட்ட குரலா வாழ்க்கைப்படவேண்டும் என்று அதிகாரி மனசுக்குள் பரிதாபப்பட்டார். பெண்கள் இருவரும் சமையலறைக்குப் போனார்கள்.

அதே வயலின். தங்கச்செவி சோபாவின் நுனியில் உட்கார்ந்து தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சாய்ந்தார். தலை சோபாவின் முதுகைத் தொட்டது. அதிகாரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வயலின் முழுக்க முடிந்தது.

"போய்விட்டது, நண்பரே" என்றார் தங்கச்செவி.

அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஊசி இருந்த இடத்தில் இப்போது வானம் இருக்கிறது. மின்சாரம் குளித்துவிட்டு வந்திருக்கிறது. அப்படி என்னதான் செய்தீர்கள்?"

அதிகாரி சொன்னார். பவர் சப்ளை, தனி லைன், ரவுட்டர், டிஸ்க், இரும்புக் கால் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாமே செய்ததுதான். அதை எல்லாம் காலையில் கழற்றிவிட்டோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆபீஸில் இதைச் செய்கிறவனின் மனுவை, தகவலை மறைத்த குற்றத்துக்காக அவர் சிவப்பு மையில் அடித்துவிடுவார்.

"ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. குறிப்பாக அந்த இரும்புக் கால்" என்றார் தங்கச்செவி.

பாராட்டை வாங்கிக்கொண்ட அதிகாரிக்கு உள்ளுக்குள் ஒன்று குடைந்தது. எதையும் மாற்றாமல் விசில் எப்படிப் போகும்? ஒருவேளை அந்த அடாப்டர் ஒரு மாதம் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு நடுவே ஓய்வெடுத்ததாலோ? டீலரிடம் கேட்கவேண்டும். அவரிடம் அதற்கென்றே செய்த இழுப்பறை இருக்கும்.

மனைவி டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. நடைவழியில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த பெஞ்சை ஒருமுறை பார்த்தாள்.

"சொன்ன சொல் சொன்னதுதான். ரூம் உங்களுது" என்றாள். பிறகு மனசு கேட்காமல், பக்கத்தில் நின்ற தங்கச்செவியின் மனைவியிடம் திரும்பினாள். "ஆனா போன தடவை எனக்கே அந்த விசில் கேட்டுதுங்க. கேத்தில்தான் கத்துதுன்னு அடுப்பைப் போய்ப் பார்த்தேன். அது எங்கே போச்சுன்னுதான் புரியலை."

அந்த அம்மா எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அட, அதுவாம்மா? அது இவரோட பழைய காது மெஷின், தலையை எதுலயாவது சாய்ச்சா போதும், போற வீட்ல எல்லாம் உய்யுனு கத்தும். போன வாரம்தான் அதை மாத்தினோம்."