கிடாரத்துக்கும் பந்தலுக்கும் அடுத்தபடியாக

வட்டக்கச்சி,
ஆவணி, ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

தயாபரன் எழுதிக்கொள்வது. நானும் சுகந்தினியும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆகவே சுகமாக இருக்கிறோம். அருந்ததி அக்காவின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் இடையில் புத்தி சொல்வீர்கள், கடிதத்தில் அதற்கு வழியில்லை. விஷயம் இதுதான்: இசையமைப்பதை விட்டுவிட்டேன். வருகிற முதலாம் திகதி ஆனையிறவில் உப்பளக் காவல் வேலைக்குப் போகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து கீபோர்ட் அனுப்பியபோது நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். சுயாதீன இசையமைப்பாளனுக்குச் சினிமாவும் வேண்டாம், வானொலியும் வேண்டாம், மாதாமாதம் தவறாமல் தாங்கும் நூறு பேர் போதும் என்றீர்கள். வட்டக்கச்சியில் நூறு குடும்பங்கள் மாதாமாதம் தவறாமல் கூடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் மரண சகாய சங்கம். செத்த வீட்டுக்குக் கதிரை, சமையல் கிடாரம், பந்தல் கொடுக்கும் சங்கம். அங்கே போய் உங்கள் தத்துவத்தை விளக்கினேன். தலைவர் ஐயாத்துரை அண்ணை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நல்ல விசயம் தம்பி. ஆனா சங்க யாப்பு விதியின்படி செத்த வீட்டுக்கு வெளியால சங்கம் ஒண்டும் செய்யேலாது. நீர் உள்ளுக்க வந்தா வடிவாப் பாப்பம்” என்றார். உள்ளுக்குப் போனேன். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிப்பதுபோல, பிரேதம் எடுக்குமுன் ஒலிக்க இறந்தவர் பேரில் ஒரு பாட்டு நான் போட்டுக் கொடுப்பது. வீட்டுக்கு வீடு நெல்லும் தேங்காயும் தந்து சங்கம் என்னைத் தாங்குவது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பொருட் பட்டியலில் இப்படி எழுதினார்கள்: கதிரை நூற்றிருபது, கிடாரம் நான்கு, தகரப் பந்தல் ஒன்று, இசையமைப்பாளர் ஒன்று.

நீங்கள் சொன்னபடியே தொழில் நிலைத்தது. கூடுதலாகவே நிலைத்தது. முதல் பாட்டில் இறந்தவரின் பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் அவர்கள் இருக்கும் நாடும் வர வேண்டும் என்றார்கள்; சுவிஸ், நோர்வே, பிரான்ஸ் எல்லாம் சுற்றி வந்ததில் பாட்டு பதினான்கு நிமிடமாகியது, சரணத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அதைக் கேட்ட ஐயாத்துரை அண்ணை மறுநாளே என் வீட்டுக் கதிரையில் வந்து இருந்து, “செத்தாப் பிறகு போடுற பாட்டை நான் எந்தக் காதால கேக்கிறது? என்ரையை இப்பவே போட்டுக் காட்டும்” என்றார். போட்டுக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாய்க்கால் சண்டையை மட்டும் எடுத்துவிடும், மிச்சம் எல்லாம் உண்மை” என்றார். ஆனால் வருத்தமாய்ப் படுத்திருப்பவரைப் பார்க்க நான் யாருடைய வீட்டுக்காவது போனால், “நீ ஏனப்பு வந்தனி? மனுசன் இப்பதான் கஞ்சி குடிச்சவர்” என்று படலையிலேயே மறித்துவிடுகிறார்கள். சரி, நல்ல காரியத்துக்கும் ஒன்று போடுவோம் என்று அயல்வீட்டுப் பிரஷாந்தினியின் கலியாணத்துக்குப் பொம்பிளை மணவறைக்கு வரும் பாட்டு நானே கேட்டு வாங்கிப் போட்டேன். பாட்டுத் தொடங்கியதும் சபையில் இருந்த பெரியவர்கள் எழுந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக மணவறையைச் சுற்றிவந்து, பொம்பிளையின் முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் இருந்தார்கள். அவர்களில் பிழை இல்லை. என் பாட்டுக்கு அவர்கள் பழகியது அப்படித்தான். “சனம் செத்தாத்தான் எங்கட வீட்டில உலை கொதிக்குதெண்டு கதைக்கினமப்பா” என்று சுகந்தினி சொன்னாள். அரிசி களைந்துகொண்டுதான் சொன்னாள்.

இதற்கெல்லாம் நான் தொழிலை விட்டிருக்க மாட்டேன் அத்தான். விமலேஸ்வரி அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும், வாய்க்கால் கரையில் கடைசி வீடு. அவருடைய மகன் கிருசாந்தன் கடைசிச் சண்டை முடிந்த அன்று, பத்தொன்பது வயதில், இராணுவத்தால் பேருந்தில் ஏற்றப்பட்டு, இன்னும் திரும்பாதவன். அதன்பிறகு அவர் போகாத அலுவலகம் இல்லை. என்னைத் தாங்க அவர் பங்காகத் தருவது மாதம் ஆறு முட்டை. ஒரு மாதமும் தவறியதில்லை. போன தை மாதக் கூட்டத்தில் எழுந்து, “என்ர பிள்ளைக்கும் ஒரு பாட்டு வேணும்” என்றார். ஐயாத்துரை அண்ணை யாப்பைப் புரட்டிக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில், “பிள்ளை, மரணச் சான்றிதழ் எடுத்தனீங்களோ?” என்று கேட்டார்.

“அதைத் தாறம் எண்டுதானே அலுவலகக்காரர் எல்லாரும் என்ர பின்னால திரியினம். நான் செத்தவனுக்குக் கேக்கேல்லை அண்ணை. வாறவனுக்குக் கேக்கிறன்.”

அண்ணை யாப்பை மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டேன். “அவனுக்கென்ன பாட்டு. படலையடியில இருந்து குசினி வாசல் மட்டும் சைக்கிள் மணி அடிச்சுக்கொண்டு வருவான். நான் ஏசுவன்” என்றார். மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் முழுதாக இருந்து கேட்டார். “நல்ல வடிவா இருக்குத் தம்பி. ஆனா இது செத்த வீட்டுப் பாட்டு. இன்னொண்டு போடுங்கோ” என்று சொல்லி, முட்டையை வைத்துவிட்டுப் போனார். உண்மைதான். எந்த இடத்தில் தொடங்கினாலும் என் விரல் கடைசியில் அங்கேதான் போய் இறங்குகிறது. இரண்டு வருடமாக ஊர் அதற்குத்தானே நெல்லுத் தந்தது. முட்டை வேண்டாம் என்றேன். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. ஒரு தாய் கேட்ட ஒரு பாட்டைப் போடத் தெரியாதவன் அவருடைய முட்டையைச் சாப்பிடக்கூடாது. ஆகவே உப்பளம். கீபோர்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறேன். உங்களுக்கு மனம் நொந்தால் மன்னிக்கவும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் ஊரில் வரப்போகும் குளிர் உங்களை அதிகம் வருத்தாமல் இருக்க வற்றாப்பளை அம்மனை மன்றாடுகிறோம்.

இப்படிக்கு,
மைத்துனன் தயாபரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் விமலேஸ்வரி அக்கா முட்டையோடு வந்தார். ஆனையிறவுக்குப் போகிறேன், பாட்டை முடிக்க என்னால் முடியவில்லை என்று சொன்னேன். “உங்களை ஆர் முடிக்கச் சொன்னது?” என்று கேட்டார். “முடியிற இடத்திலதானே தம்பி அழுகை வருது. மாசம் மாசம் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கோ, வந்து கேக்கிறன். மிச்சத்தை அவன் வந்தாப் பிறகு பாப்பம்.” போகும்போது படலையில் நின்ற என் சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். ஆகவே நான் உப்பளத்துக்குப் போகவில்லை. கீபோர்டும் வீட்டிலேயே நிற்கிறது. மேலே எழுதியது எதையும் அருந்ததி அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அந்த மணிச் சத்தத்தில் இருந்து நாலு வரி போட்டிருக்கிறேன். இதுவரை எங்கேயும் இறங்கவில்லை. தாங்குவதற்கு நூறு பேர் வேண்டும் என்றீர்கள் அத்தான். ஒருவர் போதும் போலிருக்கிறது. ஆனால் இந்த வேலை எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அவரையும் கேட்காதீர்கள்.