கூரையில் ஓடும் நிறங்களும் ஒரு நல்ல பல்லும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும், தங்கள் மகனும் மருமகளும் உடலளவில் நலம். உடலளவில் என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். தாங்களும் சம்பந்தியம்மாளும் எல்லா அளவிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் தேறியிருக்கும் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தின் முடிவில் தங்களை மாடிப்படி ஏறி வரச் சொல்லப் போகிறேன்.

நான் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் பேர் கூப்பிட்டவன் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்ற பின் சும்மா இருந்தால் தொண்டை துருப்பிடித்துவிடும் என்று, மாப்பிள்ளையின் பல் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து ஆட்களை உள்ளே கூப்பிடும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். ஆகையால் கீழே வருவதில் பெரும்பாலானவை நான் நேரில் கண்டவை.

கிளினிக்கைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்னறையில் நானும் ஆறு நாற்காலிகளும். நடு அறையில் அந்தச் சாயும் நாற்காலி. பின்னால் ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெரிய இடத்தில் என் மகள் பல் செட் செய்கிறாள். நோயாளிகள் பயப்படுகிறார்கள், படுத்தபடி பார்க்க ஏதாவது வேண்டும் என்று நான்கு மாதம் முன்பு மாப்பிள்ளை கூரையில் ஒரு டிவியை மாட்டினார். முதலில் மீன்கள் நீந்தின. மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து நோயாளிகளும் அப்படியே செய்ய, மாப்பிள்ளை விரலில் இரண்டு முறை கடி வாங்கினார். அடுத்து அருவி வைத்தார். அருவி கொட்டக் கொட்ட, பாதி பல் அடைத்த நிலையில் எல்லோரும் பாத்ரூம் எங்கே என்று எழுந்து ஓடினார்கள். கடைசியில் டிவி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன்தான் இன்டர்நெட்டில் ஒன்று இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுத்தார். "மனதை விரிவாக்கும் காட்சிகள், நான்கு மணி நேரம், இடைவேளையின்றி" என்று அதன் கீழே எழுதியிருந்தது. பூ விரிந்து கண்ணாகிறது, கண்ணுக்குள் சுரங்கம் போகிறது, சுரங்கம் உருகி மயில்தோகையாகிறது, அதற்குள் மறுபடி பூ. கதையும் கிடையாது, ஆளும் கிடையாது. என்ன சேதி என்று கேட்டால் சேதியே கிடையாது.

ஆனால் சம்பந்தி, மனசு விரிஞ்சுதோ இல்லையோ, வாய் விரிஞ்சுது. அதை நான் மறுக்க மாட்டேன். ஊசியைக் கண்டாலே கதவுப் பக்கம் போகிற பூட்டு ரிப்பேர்காரர் ஒருத்தர் இருக்கிறார். அவர் அன்றைக்குச் சொல்லாமலே வாயைப் பிளந்துகொண்டு படுத்துக் கிடந்தார். கடைவாய்ப் பல் வந்ததே தெரியாமல், எழுந்த பிறகு, "டாக்டர், நான் இவ்வளவு நேரம் எங்க போயிருந்தேன்"னு கேட்டார். இந்த விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. ஒரே வாரத்தில் நல்ல பல் உள்ளவங்க பதினோரு பேர் வந்து வரிசையில் உட்கார்ந்தாங்க. என்ன தொந்தரவுன்னு கேட்டா, குறிப்பா ஒண்ணும் இல்லை, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்கிறார்கள். ஒரு பல்லுக்கு வந்த நோட்டரி, அந்தப் பக்கமும் ஒண்ணு அடைச்சுடுங்க என்று நாற்காலியை விட மறுத்துவிட்டார். ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, இந்த உலகத்தில் என்னுது உன்னுதுங்கிறதே பொய், எல்லாம் ஒண்ணுதான்னு எனக்கு விளங்கிடுச்சு என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு, என்னுடைய குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று வரை குடை வரவில்லை. பாலிசி எடுக்கச் சொல்லி இரண்டு போன் மட்டும் வந்தது.

இதெல்லாம் போகட்டும், இதற்காகத் தங்களைத் தொந்தரவு செய்வேனா? கெட்டது எங்கே ஆரம்பித்தது என்றால், மாப்பிள்ளையும் மேலே பார்க்க ஆரம்பித்ததில்தான். பல் டாக்டர் குனிய வேண்டியவர். இவர் கையில் டிரில்லோடு அண்ணாந்து நிற்கிறார். நான் உள்ளே எட்டிப் பார்த்தால், டாக்டரும் நோயாளியும் ஒருத்தர் மாதிரியே ஒருத்தர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கு வைத்தியம் நடக்கிறது என்றே தெரியவில்லை. என் மகள் இரண்டு தடவை சொன்னாள். நோயாளி கூடவே நானும் அமைதியா இருந்தா கை நல்லா ஓடுது என்று பதில் வந்தது.

போன மாதம் ஒரு கிளாரினெட்காரர் வந்தார். பெரிய ஹோட்டலில் சாயங்கால நேரத்தில் வாசிக்கிறவர், சாது. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் சொத்தை, எடுக்க வேண்டும். உள்ளே அனுப்பினேன். சத்தமே இல்லை. ஏதோ பாத்திரம் கேட்டு நடு அறைக்குப் போன என் மகள், தட்டில் கிடந்த பல்லைப் பார்த்திருக்கிறாள். புதுச் சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது. ஒரு சொத்தையும் இல்லை. நேராக ஸ்டூல் மேல் ஏறி டிவி ஒயரைப் பிடுங்கினாள். இரண்டு பேரும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி முழித்தார்கள். சொத்தைப் பல் இருந்த இடத்திலேயே சொகுசாக இருக்கிறது. பக்கத்திலிருந்த நல்ல முன்பல்லைக் காணோம்.

அந்த மனுஷன் நாக்கால் தடவிப் பார்த்தார். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. "டாக்டர், அந்தப் பல்லுலதான் கருவி உட்காரும்," என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் என் மகள்தான் எல்லாம். அச்செடுத்தாள், பல் செய்தாள், பொருத்தினாள். அவர் அந்த அலமாரிக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரு ஸ்வரம் ஊதி, காத்து ஒழுகுது என்பார். அவள் கழற்றி மயிரிழை அளவு தேய்ப்பாள். மறுபடி ஊதுவார். முன்னறையில் காத்திருந்த யாரும் டோக்கன் நம்பர் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஒரு ராகத்தை முழுசாக வாசித்தார். முடித்துவிட்டு, கேக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதும்மா, எனக்குத் தெரியும், ஆனா வாசிக்கலாம் என்று சொல்லிப் போனார். என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளை என் பக்கத்தில், நோயாளிகள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "மாமா, அதை நான் அவங்க பயத்துக்காக மாட்டல. என் பயத்துக்காக மாட்டினேன்," என்றார். படிக்கிற காலத்திலிருந்தே ஒவ்வொரு வாயைத் திறக்கும்போதும் அவருக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றுமாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பதினாலு வருஷமாகச் சொல்லவில்லையாம். அந்த நிறங்களைப் பார்த்தபோதுதான் முதல்முறையாக அந்தப் பயம் அடங்கியதாம். சாட்சி சொல்லும்போது குறுக்கிடக் கூடாது என்று கோர்ட்டில் பழகினவன், கடைசி வரை கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலை அவர் இனிமேல் கருவியைத் தொட மாட்டேன், வீட்டில் உட்கார்ந்து அந்த மாதிரி காட்சிகளை நானே தயாரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பூவை விரிய வைக்கப் பார்க்கிறார். அது முட்டைக்கோஸ் மாதிரி வருகிறது. என் மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கிளினிக் பூட்டிக் கிடக்கிறது.

சம்பந்தி, பல் டாக்டர் படிப்பு தங்கள் ஆசை என்று எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை, நான் மட்டும் என்ன, டாக்டர் மாப்பிள்ளை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்தானே. தாங்கள் உடனே மாடிப்படி ஏறி வந்து, செய் என்றோ விடு என்றோ தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அவருக்குப் பாதி பாரம் இறங்கும். தாமதித்தால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு. டிவியையும் தாங்களே கையோடு எடுத்துப் போய்விட்டால் உத்தமம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்களையும் என் மனைவியின் அன்பையும் சொல்லவும். தங்கள் குடும்பம் தழைக்கட்டும், முழங்கால் நிமிரட்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் உண்மையுள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க மறந்து மூன்று நாளாகிவிட்டது. இப்போது தாங்கள் வர வேண்டியதில்லை. முந்தாநாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் கன்னம் வீங்கி, பூட்டின கதவைத் தட்டி உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, எனக்குப் பயமா இருக்கு மேடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எனக்கும்தான். பொறுமையா பண்ணுங்க," என்றார் டீச்சர். என் மகள் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். சரியான பல்தான் வந்தது, நானும் எண்ணிப் பார்த்தேன். நேற்று ஏழு பேர் வந்தார்கள். டிவியையும் தாங்கள் எடுத்துப் போக வேண்டாம், அது என் வீட்டுக்கு வந்துவிட்டது. கெடுதலானதா என்று சோதித்துப் பார்க்கத்தான் நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தேன். நிமிர்ந்தால் ஆறு மணி. இடையில் நான் என் மனைவியிடம், கல்யாணமான முதல் வருஷத்தில் நடந்த ஏதோ ஒன்றுக்கு மனமுருகி மன்னிப்புக் கேட்டேனாம். எதற்கென்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது. இன்னும் முப்பத்தெட்டு வருஷம் மிச்சம் இருப்பதாகச் சொல்லி, இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் என் நாற்காலியை அவளே கொண்டுவந்து போட்டிருக்கிறாள்.