ரிப்ளை கார்டு அண்ணாச்சி என்னைச் சாகடித்த குளிர்காலம்

டெல்லியில் உயிரோடு நடமாடியவர்களை அதிகமாகச் சாகடித்தவர் ரிப்ளை கார்டு அண்ணாச்சிதான். என்னையும் சாகடித்தார். பதிமூன்று மாதம் செத்துக் கிடந்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

மனிதர் லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஒரு குமாஸ்தா. எதிரே எறும்பு வந்தாலும் வழி விட்டு நடப்பார். ஆனால் எங்கள் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு டெல்லிச் செயலாளர். தாமிரபரணிக் கரையில் படித்துவிட்டு டெல்லி ஆபீஸ்களில் வந்து உட்கார்ந்தவர்கள் நாற்பது பேர். அவர்களுக்கும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த மற்றவர்களுக்கும், மழை ஓய்ந்ததும் ரிப்ளை கார்டு போடுவார்; பதில் வராவிட்டால் மறுபடியும் போடுவார். அது இரட்டைத் தபால் கார்டு. ஒரு பாதியில் அவர் கேள்வி. மறு பாதி பதிலுக்கு, தபால் கூலியோடு. கிழித்து எழுதிப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது.

வந்த பதில்களை வைத்து டிசம்பரில் குளிர்காலச் செய்திமடல் போடுவார். சைக்ளோஸ்டைலில் ஆறு பக்கம். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிரமோஷன், யாருக்கு மூலத்துக்கு ஆபரேஷன் என்று ஒன்று விடாமல் இருக்கும். கடைசிப் பக்கம் ‘காலமானோர்’.

அந்தப் பக்கத்துக்கு அண்ணாச்சி ஒரு விதி வைத்திருந்தார். மூன்று கார்டுக்குப் பதில் வராவிட்டால் ஆள் அங்கே போய்விடுவான்.

“உசுரோட இருக்கவன் எழுதாம இருப்பானாவே? கார்டும் நம்ம கார்டு, கூலியும் நம்ம கூலி. கை இருந்தா எழுதியிருப்பான்” என்பார்.

இப்படித்தான் அந்தமானில் காட்டிலாகாவில் இருந்த ஒருவரைச் சாகடித்தார். செய்திமடலைப் படித்த அவருடைய தங்கை சரோஜினி நகரில் மயங்கி விழுந்தாள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நாலாம் நாள் அந்தமானிலிருந்து கப்பலில் தபால் வந்தது. மூன்று பதிலும் ஒரே கட்டாக. மூன்றிலும் ‘நலம்’ என்று எழுதியிருந்தது. அண்ணாச்சி அசரவில்லை. “இப்போ நலமா இருக்காருன்னு என்ன ஆதாரம்? இது கப்பல் ஏறுன அன்னைக்கு உள்ள நெலவரம்லா” என்றாராம். திருத்தம் போடவில்லை. அவர் செய்திமடலில் திருத்தம் என்று ஒன்று வந்ததே கிடையாது.

நான் ஒன்பதாம் வகுப்பில் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்தவன். அப்புறம் லாரியில் கிளீனர், நாகபுரியில் ஆரஞ்சுப்பழம் கட்டும் வேலை, போபாலில் டீக்கடை என்று பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒரு ஜனவரியில் டெல்லிக்கு வந்து சேர்ந்தேன். ஸ்வெட்டர் கிடையாது. ஒரு தாபாவில் ரொட்டி அடுப்பை ஒட்டிப் படுக்கை. ஒரு பக்கம் சுடும், மறு பக்கம் விறைக்கும். தோசையைத் திருப்புவது போல நம்மை நாமே திருப்பிக்கொள்ள வேண்டும். பழகிவிட்டது.

அப்போது லோதி ரோடில் ஒரு சர்க்கார் ஆபீஸ் கேன்டீனில் ஆள் எடுத்தார்கள். நிரந்தர வேலை. யூனிஃபார்ம், அதோடு கம்பளிக் கோட்டு. எட்டாவது படித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். சுவர் ஏறிக் குதித்தவனிடம் சர்ட்டிபிகேட் எங்கே இருக்கும்? கேன்டீன் மேனேஜர் இரக்கப்பட்டு, “உன்கூடப் படிச்ச ஆபீசர் யாராவது கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுத்தாலும் போதும். திங்கக்கிழமைக்குள்ள வரணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்றார். அப்போது சனிக்கிழமை மத்தியானம். விசாரித்ததில், பழைய மாணவர் ஜாதகமெல்லாம் அண்ணாச்சி கையில் என்று தெரிந்து ஓடினேன்.

கதவைத் திறந்தவரிடம் பேரையும் ஹாஸ்டல் நம்பரையும் சொன்னேன். எங்கள் பள்ளியில் பேரைவிட நம்பர்தான் முக்கியம். தட்டு, டிரங்குப் பெட்டி, கோரைப்பாய் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும்.

“எண்பத்தேழா?” அண்ணாச்சி ஒரு நோட்டைப் புரட்டினார். முகம் வாடிவிட்டது. “எண்பத்தேழு காலமாயிட்டாரே தம்பி. ஒமக்குச் சேதி வரலையா?”

“அண்ணாச்சி, நான்தான் எண்பத்தேழு.”

“போன டிசம்பருக்கு முந்தின டிசம்பர்லயே போட்டாச்சு. லோதி தோட்டத்துல ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நின்னோம். நல்ல பையன்.”

பட்டினி பார்த்திருக்கிறேன், போலீஸ் அடியும் வாங்கியிருக்கிறேன். என் சாவை நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. எண்பத்தேழாம் தட்டுல என்ன விசேஷம்? சொல்லும் பாப்போம்.”

“நடுவுல ஓட்டை. சோத்தை அப்பி ஓட்டையை அடைச்சிட்டுத்தான் சாம்பார் வாங்கணும்.”

“அடைச்சாலும்?”

“அடைச்சாலும் ஒழுகும். பக்கத்துல இருக்க எண்பத்தாறோட டவுசர் நனையும். அந்த அண்ணன் தெனமும் என் காதைத் திருகுவாரு.”

அண்ணாச்சி தன் வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “நான்தாம்வே எண்பத்தாறு” என்றார்.

ஆனால் லெட்டர் கிடைக்கவில்லை. “நீரு எண்பத்தேழுதான், சந்தேகமில்ல. ஆனா ஆபீசர் கையெழுத்துக்கு முப்பத்தொண்ணுகிட்டதான் போகணும். அவரும் ஒமக்காக எந்திரிச்சு நின்னவரு. நாளைக்குக் கூட்டம் இருக்கு. தோட்டத்துக்கு வாரும்.”

ஞாயிறு பதினோரு மணிக்கு லோதி தோட்டத்தில் நான் கண்ட காட்சியை இன்றும் நம்ப முடியவில்லை. குரங்குக் குல்லாய் போட்ட நாற்பது பெரிய மனிதர்கள் புல்வெளியில் நம்பர் வரிசைப்படி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் புளியோதரை டிபன் கேரியர்கள். அண்ணாச்சி நின்றபடி நம்பர் சொல்லிக் கூப்பிட, பியூன்களை விரட்டும் ஆபீசர்கள் எல்லாம் கையைத் தூக்கி “உள்ளேன் ஐயா” என்றார்கள். தாமதமாக வந்தவர்களுக்குத் தண்டனையும் உண்டு. ஹாஸ்டலில் வெயிலில் நிற்க வைப்பார்கள். டெல்லி ஜனவரியில் வெயில் பரிசு அல்லவா? அதனால் அண்ணாச்சி மர நிழலில் நிற்க வைத்தார். ஒரு அண்டர் செக்ரெட்டரி அங்கே பல் தந்தியடிக்க நின்றிருந்தார்.

“எண்பத்தேழு உசுரோட வந்திருக்கார். கையெழுத்து வேணுமாம்” என்றார் அண்ணாச்சி.

டெபுடி செக்ரெட்டரியான முப்பத்தொன்று கண்ணாடியைக் கழற்றினார். “சங்க ரெக்கார்டுல இவர் காலமானவர். காலமானவர் எட்டாவது படிச்சார்னு நான் எப்படி எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா? மொதல்ல அந்த மவுனத்தை வாபஸ் வாங்குங்க.”

“மவுனத்தை எப்படி வாபஸ் வாங்குறது? முன்னுதாரணம் இருக்கா?” என்றது ஒரு குல்லாய்.

“நான் அன்னைக்கு அழுதேன்வே. அதுக்கு என்ன பதில்?” என்றது இன்னொன்று.

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. துணைக்குழு போட்டு அடுத்த குளிர்காலத்தில் பேசலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அடுத்த குளிர்காலம் இல்லை, அடுத்த நாள்தான் இருந்தது. கம்பளிக் கோட்டு கண்ணெதிரே நடந்து போவது போலிருந்தது. “அண்ணாச்சி, நான் கெளம்புதேன்” என்று எழுந்தேன்.

“இரும்வே” என்றார் அண்ணாச்சி. அவர் குரல் அப்படி உயர்ந்து அவர்களே கேட்டதில்லை போலும். எல்லோரும் வாயை மூடினார்கள். “ரெண்டு நிமிஷம் சும்மா நின்னோம். இப்போ ரெண்டு நிமிஷம் கத்துவோம். கணக்கு சரியாப் போகும். ஹாஸ்டல்ல பரீட்சை லீவு விட்ட சாயங்காலம் கத்துவோமே, அந்தக் கத்து. ஜல்தி, எந்திரிங்க.”

கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கையை இறக்கினார். நாற்பது குல்லாய்களும் வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. நிழலில் நின்ற அண்டர் செக்ரெட்டரி விசிலடித்தார். முப்பத்தொன்று டிபன் கேரியர் மூடியைத் தட்டினார். தோட்டத்துப் பழைய கல்லறைக் கும்மட்டத்திலிருந்த கிளிகள் மொத்தமாகப் பறந்தன. நான் மட்டும் வாயைப் பிளந்து நின்றேன். ஒன்றரை நிமிஷத்தில் ஒரு கான்ஸ்டபிள் தடியோடு ஓடிவந்து, “க்யா ஹுவா?” என்று என்ன ஆச்சென்று விசாரித்தான்.

அண்ணாச்சி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் காட்டி, “யே ஆத்மி ஜிந்தா ஹை” என்றார், இந்த ஆள் உயிரோடு இருக்கிறான் என்று.

கான்ஸ்டபிள் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். “அச்சா. தோ?” என்றான், சரி, அதுக்கென்ன என்பது போல. அவனுக்கும் புளியோதரை கொடுத்தோம். முப்பத்தொன்று புல்லில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வேலையும் கோட்டும் கிடைத்தன.

மறுவாரம் கோட்டைக் காட்ட அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே என் பேருக்கு அனுப்பித் திரும்பி வந்த கார்டுகள். ஊரில் இருந்த எங்கள் மாமா தன் கையால் ‘ஓடிப்போனவன்’ என்று எழுதித் திருப்பியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் மூணு கார்டு. ஒங்களுக்கு மட்டும் நாலு வருசமா பதினொண்ணு. கடைசிக் கார்டு திரும்பி வந்த அன்னைக்கு மனுசன் சாப்பிடலை” என்றார் மதினி.

“சும்மா இரி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எனக்கு அன்னைக்கு வயித்துவலி.”

“மதினி, நான் செத்ததுக்கு வயித்துவலியா?” என்றேன்.

அந்த டிசம்பர் மடலில் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு திருத்தம் வந்தது: ‘எண்பத்தேழு உள்ளார்.’

அப்புறம் அண்ணாச்சிக்கு மாற்றல் வந்தது. அந்தமானில் போர்ட் பிளேருக்கு. எங்கள் டெல்லிச் சங்கத்துக்கு இப்போது நான்தான் செயலாளர், வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால். அவருக்கு ரிப்ளை கார்டு போடுகிறேன். முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. காலமானோர் பக்கத்தை என்ன செய்யலாம் என்று முப்பத்தொன்று கேட்டார். கப்பல் தபால், மொத்தமாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஏழாவது கார்டைப் போட்டேன். பதினொன்றுக்கு இன்னும் நாலு இருக்கிறது.