கயாவில் விட்ட பட்டு

அழகுமலை காசி யாத்திரை கிளம்பியது பாவத்தைத் தொலைக்க இல்லை. மச்சான் மலையாண்டி மேல் இருந்த ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள.

ஆத்திரம் வராதா பின்னே? ஆலங்குடியில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. திருமயத்தில் கடலை மண்டி வைத்திருக்கிற மனுஷர், அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. அவரைப் போய் ரெண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலையில் விழுந்ததெல்லாம் எலும்பு. "இனி என் வீட்டுலேருந்து ஒரு நூல்கூட இந்த வாசலுக்கு வராது" என்று அங்கேயே கத்திவிட்டு வந்தார். இப்போது அந்த மலையாண்டி மகள் அழகிக்குத் தை மாதம் கல்யாணம். அத்தைக்காரி பட்டுச்சேலை எடுத்து வைக்கவேண்டும். அத்தைக்காரி வேறு யாருமில்லை, அழகுமலையின் சம்சாரம் சின்னப்பிள்ளைதான். ஊரில் இருந்தால் அழுதே காரியத்தைச் சாதித்துவிடுவாள் என்றுதான் காசிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

வந்த இடத்தில் வினை. காசி, கயா முடிந்ததும் வங்காளத்தில் முர்ஷிதாபாத்துக்கும் போகிறோம், நவாபு ஆண்ட ஊர், பட்டுக்குப் பேர்போனது என்று யாத்திரைக் கோஷ்டியில் ஒருத்தர் ரயிலில் சொல்லித் தொலைத்தார். சின்னப்பிள்ளை முகம் மலர்ந்தது. அழகுமலைக்கு வயிறு எரிந்தது. ஆனால் கயாவில் ஒரு வழக்கம் இருப்பது ஞாபகம் வந்தது. திதி கொடுத்தவர்கள் பிடித்த பொருள் ஒன்றை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும்.

"மனசுக்குள்ள சொல்லி விட்டுடுங்கோ" என்றார் கயா ஐயர். மனசுக்குள் சொல்லத் தெரியாத அழகுமலை, "பாவக்கா" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. பிறகு சம்சாரத்தின் பக்கம் திரும்பி உறுமினார்.

"நீ பட்டுச்சேலைய விடு. இனி வாங்கவும் கூடாது, கட்டவும் கூடாது."

சின்னப்பிள்ளை கண்ணை மூடினாள். திறந்தாள்.

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேங்க."

முர்ஷிதாபாத்தில் முதலில் ஆயிரம் வாசல் அரண்மனையைப் பார்த்தார்கள்.

"ஏங்க, இங்கிட்டு அந்தத் திரையப் பாருங்க. கிளிப்பச்சை. நம்ம அழகி நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"அவ பேரை எடுத்தே, இப்பவே வெளிய போயிருவேன்."

"கோவப்படாதீங்க."

அந்த வார்த்தையைக் கேட்டால்தான் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறும். விடுவிடென்று பக்கத்து வாசலில் புகுந்தார். அது வாசல் இல்லை. சுவரிலேயே வாசல் மாதிரி செய்து வைத்த ஏமாற்று வேலை. அங்கே அப்படி நிறைய உண்டாம். மூக்கு வீங்கிப்போயிற்று. கோஷ்டிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த அவமானத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டுமே. அவரே சின்னப்பிள்ளையைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரன் விரித்தான்.

"நல்லா பாத்துக்க. கட்டத்தான் முடியாது, பாவம்."

"நானும் அதைத்தாங்க யோசிச்சேன். விட்ட பொருளை வீட்டுல வச்சிருக்கலாமா? பெட்டியில கெடக்குற பட்டுச்சேலை, ஒங்க ஆத்தாவோட கூறைப்பட்டு, ஒங்க பட்டுவேட்டி, எல்லாத்தையும் ஒரு கல்யாணப் பொண்ணுக்குக் கொடுத்துரணும். நமக்குத் தெரிஞ்ச கல்யாணப் பொண்ணு அழகிதானே."

"என் வேட்டி என்னடி பண்ணுச்சு?"

"ஒண்ணா உக்காந்துதானே திதி கொடுத்தோம்? எனக்கு ஆகாதது ஒங்களுக்கு மட்டும் ஆகுமா?"

அழகுமலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தேருக்கு அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் கோயில் மரியாதை வாங்குவார். அதைக் கட்டிக்கொண்டு மலையாண்டி முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"வேற வழியே கெடையாதா?"

"இருக்கு. கயா ஐயர்கிட்டக் கேட்டேன். அந்தப் பொண்ணுக்குப் புதுப்பட்டு எடுத்துக் கொடுத்தா, பழசெல்லாம் வீட்டோட இருக்கலாமாம். ஒங்களுக்குப் பிடிக்காது, விடுங்க."

"எடுத்துத் தொலை. ஒங்க அண்ணனுக்காக இல்ல, என் வேட்டிக்காக. எடுக்கிறத ஒசத்தியா எடு. மட்டமா எடுத்தான்னு அந்தப் பய பேசக் கூடாது."

மடியிலிருந்த பணப்பையை அவள் கையில் எறிந்துவிட்டு வீதியில் போய் நின்று பல்லைக் கடித்தார்.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் சின்னப்பிள்ளை பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்னடி, ரெண்டு சேலை இருக்கு?"

"கிளிப்பச்சை அழகிக்கு. மாம்பழ மஞ்சள் எனக்கு. கல்யாணத்துல கட்ட வேணாமா?"

"நீதான் கயாவுல பட்டை விட்டுட்டியே! நான் கேட்டேன், விட்டுட்டேன்னு சொன்னியே!"

"விட்டது உண்மைதாங்க." சின்னப்பிள்ளை மடிப்புக் கலையாமல் சேலையை உள்ளே வைத்தாள். "நானும் பாவக்காயத்தான் விட்டேன்."