ஆரஞ்சு கிரேட் இனி வேண்டாம்

பள்ளிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை தனபாலுக்கு மச்சான் அருணகிரி எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா சித்ரா, உன் மருமகள் அனிதா மூவரும் சுகம். ஓமலூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க எல்லா தெய்வமும் துணை நிற்கட்டும். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் கோபம்.

போனிலேயே பேசலாம்தான். நீ எடுத்தால்தானே? எடுத்தாலும் "டெலிவரியில இருக்கேனுங்க மச்சான்" என்று வைத்துவிடுகிறாய். நான்கு நிமிடம் கத்தி அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் வேன் டிரைவர் அன்பரசு கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

நீ கூல்டிரிங்ஸ் ஏஜென்சி எடுத்தபோது ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். ஆனால் அன்றிலிருந்து மாதம் தவறாமல் என் வாசலில் ஆரஞ்சு பாட்டில் கிரேட் கிரேட்டாக இறங்குகிறது. கேட்டால் "என்ற மருமவ குடிக்கட்டும்" என்கிறாய். எங்கள் பிரிட்ஜில் கறிவேப்பிலை வைக்க இடமில்லை. பதினோரு வயதுப் பெண் பள்ளி விட்டு வந்தால் ஒன்று, வீட்டுப்பாடம் எழுத ஒன்று, விருந்தாளி வந்தால் அவருக்குத் துணையாக ஒன்று. வீட்டில் தண்ணீர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு.

போன வியாழக்கிழமை பள்ளியில் டாக்டர்கள் வந்து பிள்ளைகளுக்கு உயரம், எடை, இடுப்பளவு எல்லாம் பார்த்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கலைமணி என்று ஒரு இளம் டாக்டர். "சார், வளர்ற வயசுங்க. பட்டினி கிட்டினி போட்டுறாதீங்க. சாப்பாடு நல்லாப் போடுங்க. இந்த இனிப்புத் தண்ணிய மட்டும் நிறுத்துங்க. தினம் ஒரு மணி நேரமாச்சும் ஓடி விளையாடட்டும்" என்றார். எத்தனை பாட்டில் குடிப்பாள் என்று கேட்டார். "எப்பவாச்சும் ஒண்ணுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற அனிதா "தெனமும் மூணுங்க டாக்டர்" என்றாள். என் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அது கூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. சாயங்காலம் பள்ளி வேனில் ஒரு பிள்ளை அந்தத் தாளைப் பிடுங்கி அனிதாவின் எடையைச் சத்தமாகப் படித்திருக்கிறது. வேன் முழுக்கக் கைதட்டல். மறுநாள் காலையில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டவள் வெளியே வரவில்லை. "சாமி, கதவத் தொற" என்றேன். உள்ளே இருந்து "என்னைய வேற ஸ்கூல்ல சேத்துடுங்கப்பா" என்றாள். இருபது வருசமாகத் தறிச் சத்தத்தில் நிற்கிறவன் நான். அந்தச் சின்னக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

வந்தது பார் கோபம். பிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் விடாமல் சாக்கடையில் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் ஓடி வந்து "ஏனுங்க, கொட்டறதுக்கு எங்கூட்டுக்காச்சும் குடுத்திருக்கலாமுங்களே!" என்று அங்கலாய்த்தாள். மதியத்துக்குள் சாக்கடையில் இருந்து எங்கள் அடுப்படி வரைக்கும் எறும்பு ஊர்வலம். உன் அக்கா விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதே கோபத்தோடு பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியை, வாரம் இரண்டு விளையாட்டு பீரியடு இருப்பதாக டைம்டேபிளைக் காட்டினார். இரண்டையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாராம். "போர்ஷன் முடியலீங்க சார்" என்றார். சரி, பி.டி. வாத்தியார் சுவாமிநாதன் எங்கே என்று தேடினால், ஆபீசில் உட்கார்ந்து பஸ் ரூட் லிஸ்ட் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார். என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மைதானம் பூராவும் ஸ்கூல் பஸ் ஏழு நிற்கிறது. "பஸ்ஸச் சுத்தி ஓடச் சொல்லட்டுங்களா?" என்று என்னையே கேட்கிறார். நான் போட்ட சத்தத்தில் ஐந்தாம் வகுப்பு முழுக்க வராந்தாவுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் அவளை நானே காவிரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். "அந்த மூணாவது கரண்டுக் கம்பம் வரைக்கும். யாரு மொதல்ல?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். முதல் கம்பத்திலேயே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் மூன்றாவது கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "அப்பா, அந்த டாக்டருகிட்ட உங்களுக்கும் ஒரு தாளு வாங்கோணுமாட்ட இருக்குது!" என்று சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னும் இரண்டு தடவை ஓடினாள்.

ஆகவே மாப்பிள்ளை, இனி ஒரு பாட்டில், ஒரே ஒரு பாட்டில், உன் வேனில் இருந்து என் வாசலில் இறங்கக் கூடாது. தாய்மாமன் பாசம் இருந்தால் ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக்கொண்டு வா. கொய்யாப்பழம் கொண்டுவா. கிரேட்டோடு வந்தால் சொந்தம் பந்தம் எதையும் பார்க்க மாட்டேன்.

அத்தையின் முழங்கால் வலி குணமாகட்டும். உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்கும் அந்தக் கருமத்தைக் கொடுக்காதே.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் மச்சான்,
அருணகிரி

பின்குறிப்பு: திங்கள் காலை. அன்பரசு இன்னும் வரவில்லை, அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்று சாயங்காலம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பஸ்களை வெளியே நிறுத்துகிறார்களாம், விளையாட்டு பீரியடையும் திருப்பித் தருகிறார்களாம். வரும் வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. சத்தம் போட்டவர் என்பதால் என்னையே கமிட்டித் தலைவராக்கிவிட்டார்கள். ஓடிக் களைத்து வரும் பிள்ளைகளுக்குக் குடிக்க என்ன தருவது என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து, "நம்ம தலைவர் மச்சினனே ஏஜென்சி வெச்சிருக்காருங்களே!" என்று ஒரு குரல். மண்டபமே எழுந்து கைதட்டியது. பெருமையில் நானும் தலையை ஆட்டிவிட்டேன். பதினாறு கிரேட், ஆரஞ்சு, காலை எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். அனிதா நூறு மீட்டரில் ஓடுகிறாள். கிரேட் விஷயத்தை அவளிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை.