சுவீடன் தீவில் அம்மா போட்ட கருவாடு

அன்புள்ள கிளோறியா சித்திக்கு,

மரினா பயத்தோடு எழுதுவது. உங்கள் சுகத்தைப் பிறகு கேட்கிறேன். கும்பிட்டுக் கேட்கிறேன், இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்குக் காட்டவே வேண்டாம். அவர் சிரித்தால் பக்கத்து ஊர் புரொண்பி வரைக்கும் கேட்கும். என் போன் இரவில் அம்மாவின் தலையணைக்குக் கீழே இருப்பதால் போர்வைக்குள் ரோச் பிடித்து எழுதுகிறேன். நாளைக் காலை உங்கள் ஊர் ஹ்விடோவ்ரேக்கு வரும் ஸ்ரிபன் அண்ணா இதைத் தருவான்.

அப்பாவோடு காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரெபென், போன கிழமை சுவீடன் தீவொன்றிலுள்ள தன் வீட்டுத் திறப்பை எங்களுக்குத் தந்தார். டென்மார்க்குக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அப்பாவுக்கு வாய்த்த ஒரே டேனிஷ் சிநேகிதர் அவர். கார், பாலம், பிறகு இரண்டு படகு. கடையுமில்லை, தெருவிளக்குமில்லை, பாறையும் பைன் மரமும் கடலும்தான். முதல் நாளே அப்பா ஒரு வாளி மீன் பிடித்தார். கரையில் ஒரு மரக் கொட்டில் இருந்தது. உள்ளே விறகடுப்பு, சுவரோடு படிபடியாய்ப் பலகைத் தட்டுகள். அம்மா மன்னார்க்காரி அல்லவா, கண்டதும் கையைத் தட்டினார்.

"இஞ்சை பாருங்கோப்பா, இந்தக் காட்டுக்குள்ளயும் சனம் மீன்வாடி போட்டிருக்குது! தட்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கினம்."

"பின்னை? இஞ்சத்தை வெயிலை நம்பிக் கருவாடு போடேலுமே?" என்றார் அப்பா.

சித்தி, அது சவுனா, சூட்டில் இருந்து வியர்க்கிற அறை; அந்தத் தட்டுகள் ஆட்கள் இருக்கிற வாங்குகள். நீச்சல்குளப் பக்கமே போகாத அப்பாவுக்குத் தெரியாது, அங்கே பார்த்திருப்பதால் எனக்குத் தெரியும். ஆனால் பெரிய ஆட்கள் அதற்குள் உடுப்பில்லாமல் இருந்து வியர்ப்பார்கள் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அம்மா மீனுக்கு உப்புப் போட்டுத் தட்டுகளில் அடுக்க, நான் வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் விறகு போட்டேன். வெளிக்கிடும்போது ஒளித்துப் போய்த் தேய்த்துக் கழுவினேன், மணம் போகவேயில்லை. அம்மாவோ அன்பளிப்பாக நாலு கருவாட்டை மேல்தட்டிலேயே விட்டுவந்தார்! இன்று பிரெபென் மனைவியோடு அங்கே போயிருக்கிறார். இப்போது அடுப்பு மூட்டியிருப்பார்கள். வேலையிடத்தில் அப்பாவோடு இருந்து சாப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். திங்கட்கிழமை அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தால் நான்தான் காரணம். நாளைக்கே அப்பாவுக்குப் போன் எடுத்து மெதுவாகச் சொல்லுங்கள், சித்தி.

உங்கள் வீட்டுக்கு மாதாவின் காவல் என்றும் இருக்கட்டும்.

பெறாமகள்,
மரினா

பி.கு.: சித்தி, ஒன்றும் சொல்லவேண்டாம்! இப்போதுதான் பிரெபென் போன் எடுத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டதால் மேலே எனக்கும் கேட்டது. மேல்தட்டைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தார்களாம்; இரண்டு கருவாட்டைத் தின்றும்விட்டார்களாம். அடுத்த சனி அப்பாவும் அம்மாவும் வரவேண்டுமாம், நாலு பேருமாகக் கொட்டிலைச் சூடாக்கலாமாம். அப்பா ஒன்றும் பிடிபடாமலே "யா, யா" என்றுவிட்டார். அம்மா இப்போதே உப்புப் பை தேடுகிறார். இனி நான்...

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"மரினா, நித்திரையே பிள்ளை? பிரெபென் எங்களைத் துவாய் மட்டும் கொண்டுவரட்டாம். கருவாடு போடத் துவாய் என்னத்துக்கு?"