வழி தெரிந்தவர் தேவை

ஒரு மலையையே மனப்பாடமாய் அறிந்து வைத்திருக்கும் ஞானத்தின் விலை நாலாயிரத்து எண்ணூறு. கடைக்காரர் ஆறாயிரம் சொன்னார். ஜீப்காரர் இரண்டு முறை கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்வந்த பிறகுதான் விலை இறங்கியது.

'சொந்த ஜீப்புடன், மலைக்காட்டின் எல்லாத் தடங்களும் தெரிந்த ஓட்டுநர் தேவை' என்று வன அலுவலகம் விளம்பரம் கொடுத்திருந்தது. ஜீப் இருந்தது, மூன்று மாதமாகச் சவாரியில்லாமல் தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தடம்தான் தெரியாது. அதற்காகத்தான் இந்த ஜிபிஎஸ் பெட்டி. அதை சீட்டுக்கு அடியில் ஒட்டினார். ஒயர் கிடையாது. அது சொல்லும் வழி காதிலிருக்கும் ப்ளூடூத்தில் மட்டும் கேட்கும். காதைக் குல்லாய் மறைத்துக்கொள்ளும்.

மறுநாள் சோதனை ஓட்டம். வன அதிகாரி முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டில் ஒரு காவலர் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்தார்.

"எல்லாத் தடமும் தெரியுமா?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன் சார்."

"செக்போஸ்ட் பக்கமே போகாம லாரி இறங்குற வழி?"

"அதுல மட்டும் நாலு இருக்கு சார்!"

வேலை பாதி கைக்கு வந்துவிட்டது என்று ஜீப்காரர் நினைத்த நேரம், ஜீப் ஒரு பள்ளத்தில் குதித்தது. ப்ளூடூத் காதிலிருந்து தெறித்து, கதவில் மோதி உயிரை விட்டது. போக்கிடம் இழந்த குரல், ஜீப்பில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கருக்குக் குடிபெயர்ந்தது.

"முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

"யாருங்க அது?" என்றார் அதிகாரி.

"வீட்டுக்காரி சார். போன்ல."

"நாம எங்க திரும்பணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ இந்த மலையிலயே பொறந்தவ சார். எனக்கே அவதான் சொல்லிக் குடுத்தா."

அதிகாரி நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். "ஓஹோ. ரெண்டு பேரும் சேந்துதானா?"

"எங்க மச்சானும் உண்டு சார். குடும்பமே இதுல கில்லாடி!"

இந்தப் பெருமையில் இடதுபுறம் தவறிப்போனது.

"முடிந்தால் திரும்பி வரவும்."

"என்னங்க, திரும்பி வரச் சொல்றாங்க?"

"காலைல சண்டை சார். சொல்லாம கிளம்பிட்டேன்."

"முடிந்தால் திரும்பி வரவும்."

"சண்டையிலகூட என்னா மரியாதை!"

"பதினாறு வருஷமா இப்படித்தான் சார்" என்றார் ஜீப்காரர், வாய் கூசாமல்.

அப்போது போன் அடித்தது. அடித்தால் தானே எடுத்துக்கொள்ளும்படி அமைத்து வைத்தவரும் அவரேதான்.

"யோவ்! எங்கய்யா தொலைஞ்ச? மோட்டார் ஓடல, வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல!"

அதிகாரி மெல்லத் திரும்பினார். "இது யாரு?"

"இது... என் தங்கச்சி சார்."

"யாருய்யா தங்கச்சி?" ஸ்பீக்கர் அதிர்ந்தது.

"முடிந்தால் திரும்பி வரவும்."

"அடப்பாவி, யாருய்யா அவ? உன்னை எங்க கூப்பிடுறா?"

ஒரு தட்டில் வேலை, மறு தட்டில் பெண்டாட்டி. நிறுத்துப் பார்க்க நேரமில்லை. பெண்டாட்டித் தட்டு எப்போதுமே தரையைத் தொட்டுத்தான் நிற்கும். ஜீப்காரர் பிரேக்கை மிதித்து, சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைப் பிய்த்தெடுத்தார்.

"அது மிஷினுடி! ஜிபிஎஸ்! சார், மன்னிச்சிடுங்க. இந்த மலையில எனக்கு ஒரு வழியும் தெரியாது. இப்ப எங்க நிக்கிறோம்னே தெரியாது!"

"நிஜமாவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது சார்."

"அந்த நாலு வழி?"

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆறுன்னு சொல்லலாம்னு பாத்தேன், நீங்க நம்ப மாட்டீங்களோன்னு குறைச்சுக்கிட்டேன்."

அதிகாரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். போன் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அது வெறும் மிஷின்தாம்மா, நான் பொறுப்பு. உங்க வீட்டுக்காரர் ரொம்ப யோக்கியம்."

"யோக்கியம் இருக்கட்டும் சார், வந்து மோட்டாரைப் பாக்கச் சொல்லுங்க." போன் அடங்கியது.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார் அதிகாரி. "மறக்காம மிஷினையும் எடுத்துட்டு வாங்க."

ஜீப்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. வழி தெரியாது என்றதற்கா வேலை?

பின்சீட்டில் இரும்புச் சத்தம் கேட்டது. காவலர் கைவிலங்கைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"விளம்பரத்தைப் பாத்து மரம் கடத்துறவன் தானா வந்து மாட்டுவான்னு சொன்னீங்க. இவரோட ஏழு பேரு வந்தாச்சு, ஏழு பேருக்கும் வழி தெரியல. திருடன் ஒருத்தன் மட்டும் இன்னும் பாக்கி சார்."